மோடவுன் தன் கலைஞர்களை வளர்த்ததா, விழுங்கியதா?

ராதிகா_சே
சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையைப் பற்றி யார் எழுதினாலும் "கம்பெனிகள் கறுப்பினக் கலைஞர்களைச் சுரண்டின" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி விஷயத்தில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரி கோர்டி டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959-இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி மோடவுனைத் தொடங்கினார். அமெரிக்கத் தென் மாநில ஓட்டல்களில் வெள்ளையர் பக்கத்தில் கறுப்பர்களை உட்காரவிடாத காலம் அது. கோர்டி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பாட வைத்தார். நடை, பேச்சு சொல்லிக்கொடுக்க மாக்சின் பவல், நடனத்துக்கு சோலி அட்கின்ஸ் என்று ஆசிரியர்களை வைத்தார். மோடவுனில் பாடிய சுப்ரீம்ஸ் குழுவின் பெண்கள் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். வேறு எந்தக் கம்பெனி அவர்களுக்கு இவ்வளவு செய்திருக்கும்?

பேஸ்_முருகன்
பாடகர்களை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. நான் மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எனக்குக் குரு என்றால் மோடவுனில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன்தான், நேரில் பார்த்ததில்லை என்றாலும். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே வாசித்தார். மோடவுன் பாடகர் குழுவான ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்' பாட்டில் பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள், அது தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். 60-களின் மோடவுன் ஹிட்களில் பெரும்பகுதி ஜேமர்சன் இருந்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக்குழு வாசித்தது. ஆனால் 1971-இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வரும்வரை அநேகமாக எந்த மோடவுன் ஆல்பத்தின் உறையிலும் அவர்கள் பெயர் இல்லை. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய்விட்டது. 1983-இல் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா நடந்தது. ஜேமர்சனை யாரும் அழைக்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ரசிகர்களோடு உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆகஸ்டில் இறந்துபோனார், வயது 47. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது அம்மா.

ராதிகா_சே
அந்த விழாவில் நடந்தது பெரிய தவறு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் குழுவினர் ஜாஸ் கிளப்களில் இரவுக்கு இரவு கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் முருகன். வாரச் சம்பளத்தை அவர்களுக்குக் கொடுத்தது மோடவுன். வாத்தியக்காரர் பெயரை உறையில் போடாததும் அன்று பல கம்பெனிகளின் வழக்கம்தான்.

தஞ்சை_கணேஷ்
பல கம்பெனிகளின் வழக்கம் என்றால், மெம்பிஸில் ஸ்டாக்ஸ் என்ற சோல் கம்பெனி எப்படி வேறு மாதிரி நடந்தது? பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக்கி, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்தார்கள். அங்கே வாத்தியக்குழுவே 'புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ்' என்ற பெயரில் 1962-இல் ஹிட் கொடுத்தது.

ஆனால் ஸ்டாக்ஸுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அட்லாண்டிக் கம்பெனியோடு 1965-இல் போட்ட ஒப்பந்தத்தை உரிமையாளர் ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார். 1967 டிசம்பரில் ஸ்டாக்ஸின் பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் போனார். சில மாதங்களில், அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த பாட்டுகளின் மாஸ்டர் உரிமை (மூல ஒலிப்பதிவின் உரிமை) அத்தனையும் அட்லாண்டிக்குக்கே என்று தெரியவந்தது. கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், உள்ளே டிரம்ஸ் வாசித்தவருக்கு என்ன மிஞ்சும்?

மதுமிதா
டிரம்ஸ் என்றதும் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் ஞாபகம் வருகிறார். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் வாசித்த சில நொடித் தாளத்தை வெட்டியெடுத்துத்தான் எத்தனையோ ராப் பாட்டுகள் செய்தார்கள். பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பெயரில் பதிவாகியிருந்தது. அதனால் தாளத்துக்குச் சொந்தக்காரர் கையில் அநேகமாக ஒன்றும் வரவில்லை. அவருக்குப் புற்றுநோய் வந்தபோது மருத்துவமனைச் செலவைக் கட்டியவர் அவருடைய ரசிகரான பாடகர் பிரின்ஸ். ஒரு ரசிகர் மனசு வைத்ததால் அந்தச் செலவு தீர்ந்தது. முறைப்படி வர வேண்டிய பணம் வந்திருந்தால் யார் தயவும் தேவைப்பட்டிருக்காது.

ராதிகா_சே
அப்படியானால் குற்றம் சட்டத்தின்மேல் இல்லையா? கோர்டியை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

பேஸ்_முருகன்
சட்டத்தின்மேலும்தான். அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு போட்டால் எழுதியவருக்குத்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. இன்றும் அப்படியே. 'ரெஸ்பெக்ட்' பாட்டை ஓட்டிஸ் ரெடிங் எழுதினார். 1967-இல் அதை உலகத்துக்குக் கொண்டுபோனவர் அரீதா ஃபிராங்க்ளின். அவர் இறந்த 2018 வரை எத்தனை ஆயிரம் முறை ஒலிபரப்பியிருப்பார்கள், ஒரு முறைக்கும் ரேடியோ அவருக்குக் காசு தரவில்லை. ஆனால் உறையில் பெயர் போடுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லையே! அது கோர்டி கையில் இருந்தது. 1988-இல் மோடவுனை 6.1 கோடி டாலருக்கு விற்றார். ஜேமர்சன் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ராதிகா_சே
பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மோடவுன் இல்லாமல் ஸ்டீவி வொண்டர் என்ற சிறுவனை 11 வயதில் யார் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்வியை நான் விடமாட்டேன்.

மதுமிதா
அதே ஸ்டீவி 21 வயதானதும் பழைய ஒப்பந்தத்தைத் தொடர மறுத்துவிட்டு, தன் இசையைத் தானே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார் அக்கா. அதற்கு அப்புறம் வந்த ஆல்பங்களைத்தான் நாம் இன்றும் கொண்டாடுகிறோம்.

பேஸ்_முருகன்
ராதிகா அம்மா, இன்று இரவு 'பெர்னடெட்' கேட்டுவிட்டு வாருங்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், மொபைல் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும்.