இராக்கட்டு: மீன் இறங்குதளத்தில் வழிப்படகுக்கு ஓரிரவு இடம்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இறால் படகுகள் சரக்கிறக்கும் தளங்கள் சிலவற்றில், சொந்தப் படகில் ஊர் ஊராகப் பயணம் செல்வோர் ஓரிரவு படகைக் கட்டிக்கொள்ள இடம் தருகிறார்கள். படகின் நீளத்தைப் பார்த்து, அடிக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை 'இரவு நங்கூரம்', 'விருந்தினர் துறை', 'தங்குதுறை' என மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

'இரவு நங்கூரம்' செயலையே மாற்றிச் சொல்லிவிடுகிறது. எங்கள் கரையில் விசைப்படகுகள் பல சற்றுத் தள்ளி நங்கூரத்தில் கிடக்கும். ஆட்கள் வத்தை எனும் சிறு படகில் போய் ஏறுவார்கள். நங்கூரத்தில் கிடக்கும் படகு காற்றின் போக்குக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். தளத்தில் நிற்கும் படகோ முன்னும் பின்னும் கயிறு போட்டு, இடையே பழைய டயர்களைத் தொங்கவிட்டு, அசைய இடமின்றிக் கட்டப்பட்டிருக்கும். தளத்தின் விளிம்பில் அது எவ்வளவு நீளத்தை அடைத்துக்கொள்கிறதோ அதற்குத்தான் பணம். அடிக்கணக்கு வந்ததற்குக் காரணமும் அதுவே.

'விருந்தினர் துறை' என்றால் அந்த இடம் வந்தவருக்கே உரியது என்ற எண்ணம் பிறக்கும். ஆனால் மீன் இறங்குதளம் முதலில் மீனுக்குரியது. படகு வந்து, கூடை இறங்கி, ஐஸ் போட்டு, ஏலம் முடியும் வரை அங்கே வேறு யாருக்கும் வேலையில்லை. வழியில் வந்தவர் மீன்படகு வருமுன் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும் வழக்கத்தையும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் தடைக்காலத்தையும் அறிந்தவர்களுக்கு, தளத்தில் இடம் இருப்பதும் இல்லாததும் மீன்பிடியின் கணக்கைப் பொறுத்தது என்பது விளங்கும். ஆகவே நமது சொல் இடத்தைக் குறிக்காமல் செயலைக் குறிக்க வேண்டும்.

'தங்குதுறை' கேட்க அழகாக இருக்கிறது. நானும் முதலில் அதையே எழுதி வைத்திருந்தேன். ஆனால் பல நாள் கடலிலேயே நின்று மீன்பிடிப்பதைத் தமிழகக் கரையில் தங்குகடல் என்கிறோம். இந்தத் தொழிலில் 'தங்கு' என்பது கரைக்கு வராமல் இருப்பதைச் சொல்லும்போது, அதே சொல்லைக் கரையில் கட்டி நிற்பதற்கும் வைத்தால் படகுக்காரர் குழம்புவார்.

எனவே 'இராக்கட்டு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். படகைக் கட்டுவது என்பது கரையில் எல்லோரும் சொல்வது. இராக்காவல், இராப்பிச்சை போல வல்லினம் மிகுந்து புணர்கிறது. 'கட்டு' பல பொருள் தரும் என்பது உண்மையே. ஆயினும் 'இந்தத் தளத்தில் இராக்கட்டு உண்டு, காலை ஐந்து மணிக்குள் அவிழ்க்க வேண்டும்' என்று பலகையில் எழுதினால் எவரும் காயத்துக்குப் போடும் கட்டு என்று நினைக்கமாட்டார். அப்படி வரும் படகை வழிப்போக்கரை ஒட்டி 'வழிப்படகு' என்றும், கொடுக்கும் பணத்தைக் 'கட்டுக்கூலி' என்றும் சொல்லலாம்.

சொல்லின் எல்லையைப் பாம்பனில் வைத்துப் பார்த்தேன். வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) இடையே கடக்கும் கலங்கள், 1914 முதல் இருந்த பழைய தூக்குப் பாலமானாலும் 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலமானாலும், அது திறக்கும் வரை சில வேளை இரவு முழுக்க நங்கூரத்தில் காத்துக் கிடக்கும். இரவும் உண்டு, வழிக்கலமும் உண்டு. கயிறு கரையில் இல்லை. அது இராக்கட்டு ஆகாது, ஆகவும் கூடாது.

ஒன்று எஞ்சியிருக்கிறது. தள விளிம்பில் இடம் நிறைந்துவிட்டால், ஏற்கெனவே நிற்கும் படகின் பக்கத்தோடு சேர்த்து மற்றொன்றைக் கட்டுவார்கள். இதற்கு 'ஒட்டுக்கட்டு' என்று எழுதத் தோன்றுகிறது. தொண்டி, கீழக்கரை, மூக்கையூர்ப் பக்கத்து உறுப்பினர்கள் தங்கள் கரையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.