பிள்ளைகளோடு அமெரிக்கா வந்தவர்களுக்கு: ஃபோர்-எச் கிளப்பை விட்டுவிடாதீர்கள்

பள்ளியில் சேர்த்தாச்சு, அடுத்து எந்த வகுப்பில் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஃபோர்-எச் (4-H) என்ற பிள்ளைகளுக்கான கிளப். கணக்கு டியூஷனையும் கோடிங் வகுப்பையும் நம்மவர்கள் வந்த வாரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இதை மட்டும் ஆடு மாடு வளர்க்கும் பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அப்படி நினைக்கக் காரணமும் உண்டு. 1902-ல் ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய விவசாயக் கிளப்தான் இதற்கு ஆரம்பம். இன்று ரோபோட்டிக்ஸ், ராக்கெட், தையல், சமையல், போட்டோகிராபி, நாய் பழக்குதல் எல்லாம் இருக்கின்றன. மாநிலத்தின் லேண்ட்-கிராண்ட் பல்கலைக்கழகம் (அரசு நிலக் கொடையால் உருவானது) தன் எக்ஸ்டென்ஷன் அலுவலகங்கள், அதாவது ஊர்மக்களுக்குப் பயிற்சி தரும் கிளைகள், வழியாக இதை நடத்துகிறது. உங்கள் கவுண்டி பெயரோடு எக்ஸ்டென்ஷன் என்று சேர்த்துத் தேடுங்கள். வயது பெரும்பாலும் 8 முதல் 18. அதைவிடச் சிறியவர்களுக்குக் குளோவர்பட் என்று போட்டி இல்லாத பிரிவு. கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளும் சேரலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மாதக் கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பிள்ளைகளே, அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கை தூக்கி ஓட்டுப் போடுகிறார்கள். பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். புது ஊரில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு இது நல்ல இடம். என்ன சொல்ல வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருப்பதால், போன கூட்டத்தின் குறிப்பை எழுந்து வாசிப்பதிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

அப்புறம் கோடையில் கவுண்டி ஃபேர், அதாவது பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து காட்டும் கண்காட்சி. பல இடங்களில் நடுவர் பிள்ளையை எதிரே உட்கார வைத்தே பார்ப்பார். தைத்த பையை உட்புறம் வெளியே திருப்புவார், தையல் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்ப்பார், இங்கே ஏன் இரட்டைத் தையல் போட்டாய் என்று கேட்பார். அம்மா தைத்துக் கொடுத்த பை அந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கோணலாக இருந்தாலும் பிள்ளையே தைக்கட்டும். நீலம், சிவப்பு, வெள்ளை என்று ரிப்பன் தருவார்கள். பெரும்பாலும் பொருளை ஒரு தரத்தோடுதான் ஒப்பிடுவார்கள், பக்கத்துப் பிள்ளையோடு அல்ல. பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தால் பத்துப் பேருக்கும் நீலம். "எத்தனையாவது ரேங்க்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நடுவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று கேளுங்கள், பிள்ளை வீடு வரும்வரை பேசும்.

விலங்கு வளர்ப்பை ப்ராஜெக்டாக (பிள்ளை தேர்ந்தெடுத்துச் செய்யும் வேலை) எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்க்கெட் என்ற பெயரில் வரும் ஆடு, பன்றி, மாடு ஆகியவற்றைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வளர்த்து, ஃபேர் முடிவில் ஏலம் விடுவார்கள். பெரும்பாலும் அவை இறைச்சிக்குத்தான் போகும். சைவக் குடும்பமோ இல்லையோ, இதைச் சேரும் முன்பே பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் தெரிந்தால் தாங்காது. நாய் பழக்குதலிலும் குதிரை ப்ராஜெக்டிலும் இந்த முடிவு கிடையாது.

செலவு, நேரம், கற்றது எல்லாவற்றையும் பிள்ளை ரெக்கார்ட் புக்கில் எழுதிவர வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளவிடாதீர்கள்.

பல மாநிலங்களில் ஃபோர்-எச் ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும். ஃபேரில் கலந்துகொள்ளப் பதிவுக்குக் கடைசித் தேதி தனியாக இருக்கும், அதை முதலில் கேட்டு வையுங்கள். பெற்றோரும் தன்னார்வலராகச் சேரலாம், பின்னணிச் சரிபார்ப்புக்குச் சில வாரம் ஆகலாம் என்பதால் படிவத்தைச் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் கிளப்பில் உங்கள் பிள்ளைக்குப் பிடித்த ப்ராஜெக்ட் இல்லையென்றால் அதே அலுவலகத்தில் வேறு கிளப்புகளின் பட்டியல் கேளுங்கள். ஒரே கவுண்டியில் பல கிளப்புகள் இருக்கும்.