‘டைட்-இன்-த-வுல்’: இந்த அடைமொழிக்குள் கம்பளி வந்தது எப்படி?

கேள்வி:
அமெரிக்க அரசியல் கட்டுரைகளில் ‘டைட்-இன்-த-வுல் டெமாக்ரட்’ (dyed-in-the-wool Democrat; சொல்லுக்குச் சொல், ‘கம்பளியிலேயே சாயமேறிய ஜனநாயகக் கட்சிக்காரர்’) என்ற தொடரை அடிக்கடி காண்கிறேன். கட்சியில் ஊறியவர், எதற்கும் மாறாதவர் என்ற பொருள் விளங்குகிறது. ஆனால் கம்பளியில் சாயமேற்றுவதற்கும் மாறாத குணத்துக்கும் என்ன தொடர்பு? பருத்தியிலும் பட்டிலும்கூடச் சாயம் ஏறத்தானே செய்கிறது?

மறுமொழி 1:
இங்கே ‘வுல்’ என்பது கம்பளித் துணியன்று. ஆட்டிலிருந்து கத்தரித்துக் கழுவிய, இன்னும் நூலாகாத உரோமம். சாயத்தை உரோமத்திலேயே ஏற்றலாம், நூற்ற பிறகு ஏற்றலாம், நெய்து முடித்தும் ஏற்றலாம். நெய்த துணியைத் தொட்டியில் முக்கும்போது, அடர்த்தியான கம்பளியாக இருந்தால், இழைகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் சாயம் முழுமையாக இறங்காமல் போவதுண்டு; அத்தகைய துணியை வெட்டிப் பார்த்தால் விளிம்பின் நடுவே வெளிறிய கோடு தெரியும், துணி தேயத் தேய அந்த வெளுப்பு மேலே வந்துவிடும். உரோமத்திலேயே சாயமேற்றினால் அந்தக் குறை நேராது. நூலாவதற்கு முன்பே ஊறிய நிறம் என்பதுதான் இந்த அடைமொழியின் வேர்.

மறுமொழி 2:
இதற்கு மிக நல்ல பழஞ்சான்று உண்டு. ஆங்கிலேய இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கர், திருச்சபை ஆட்சிமுறை பற்றிய தம் நூலின் 1597இல் வெளிவந்த ஐந்தாம் பகுதியில், மழலைப் பருவமாகிய கம்பளியிலேயே கடுமையின் சாயம் ஏறிய பிள்ளைகள் பிற்பாடு நிறம் மாறாமலே போகக்கூடும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். சாயப்பட்டறைச் சொல் வளர்ப்பைப் பற்றிய உருவகமாக அப்போதே மாறிவிட்டது என்பது இதனால் தெளிவாகிறது. கட்சிக்காரர்களுக்கு அதைச் சூட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேரூன்றியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இந்த முறை இன்றும் வழக்கில் உள்ளதா? இடைக்கோடுகள் எப்போதும் வேண்டுமா?

மறுமொழி 1:
ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் துணிக்கு இன்றும் நூற்பதற்கு முன்பே சாயமேற்றுகிறார்கள். பல நிற உரோமங்களைக் கலந்து நூற்பதால், தொலைவில் பழுப்பாகத் தெரியும் துணியைக் கண்ணருகே பிடித்தால் பச்சையும் மஞ்சளும் நீலமும் தனித்தனி இழைகளாகத் தெரியும். நெய்த பின் சாயமேற்றினால் இந்த அழகு கைகூடாது. இடைக்கோடுகளைப் பொறுத்தவரை, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது இட வேண்டும். துணி எப்படிச் சாயமேற்றப்பட்டது என்று வினையாகச் சொல்லும்போது தேவையில்லை.