உங்க ஊர்ப் பக்கம் சென்னைன்னா முதல்ல என்ன ஞாபகம் வருது?

வியாசைப் பொண்ணு:

நான் பொறந்து வளந்தது வியாசர்பாடி. பேங்க் வேலை. பதினோரு வருஷத்துல மூணு ஊர் மாத்தல் பாத்தாச்சு. எங்க போய் இறங்கினாலும் முதல் கேள்வி "சொந்த ஊர் எது?" மெட்ராஸ்னு சொன்னதும் அடுத்து வர்ற பேச்சுதான் ஊருக்கு ஊர் வேற.

நாகர்கோவில்ல வீட்டுக்கார அம்மா "அவ்வளவு தூரமா மக்ளே?"ன்னு கேட்டாங்க. துபாய்ல இருந்து வந்தவளைக் கேக்கற மாதிரி இருந்துச்சு. அவங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரின்னா திருவந்தரம், எழுபது கிலோமீட்டர். சென்னை எழுநூறு. 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தது. "எங்க அப்பாவுக்குத் தலைநகரம் திருவந்தரம், எனக்குத்தான் மெட்ராஸ்"னு சொல்வாங்க. சென்னைன்னா ஏதோ ஒரு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கப் போற இடம், அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில "அந்த உப்புத் தண்ணியில எப்படீங்க தலைக்கு ஊத்திக்கறீங்க?"ன்னு நிஜமாவே பரிதாபப்பட்டாங்க. ஆழியாறு தண்ணி குடிச்சு வளந்தவங்க, கேக்கத்தான் செய்வாங்க. ஓசூர்ல யாரும் ஒண்ணுமே கேக்கல. நாப்பது கிலோமீட்டர்ல பெங்களூர் இருக்கு, சென்னை அவங்க பேச்சுலயே வராது.

ஆனா ஒரு ஊர்ல, டீ நேரத்துல, கூட வேலை செய்யறவங்க ஒருத்தங்க "உங்க ஊர்ல பக்கத்து வீட்ல எழவு விழுந்தாக்கூட எட்டிப் பாக்க மாட்டாங்களாமே"ன்னு கேட்டாங்க. அது இன்னும் மனசுல இருக்கு. எங்க தெருவுல லாரித் தண்ணி வர்ற அன்னிக்கு அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க. எதிர்வீட்டு அக்காதான் எங்க குடத்தையும் வரிசையில வெச்சுப் பிடிச்சுக் குடுக்கும். எல்லார் வீட்டுலயும் அதே பச்சை பிளாஸ்டிக் குடம். எங்களோடது அடையாளம் தெரியணும்னு கழுத்துல சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வெச்சிருந்துச்சு. இந்தச் சென்னை வெளியூர்ல யாருக்குமே தெரியலையே.

அடுத்த மாசம் சிதம்பரம் பக்கம் மாத்தல். அதான் கேக்கறேன். உங்க பக்கம் சென்னைன்னா என்ன? மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க.

உடன்குடிக்காரன்:

எங்க பக்கம் மெட்ராஸ்னா கடை. "அப்பா எங்கல?"ன்னு கேட்டா "கடையில"ன்னு சொல்லுவோம். அந்தக் கடை ஊர்ல இருக்கா மெட்ராஸ்ல இருக்கான்னு யாரும் கேக்க மாட்டாவ.

எங்க அப்பா 1974-ல, பதிமூணு வயசுல, சொந்தக்காரர் ஒருத்தரோட மளிகைக் கடைக்குப் போனாவ. கொண்டித்தோப்பு. ராத்திரி கடையைச் சாத்தினா அரிசி மூட்டை மேலதான் படுக்கை, விடியக்காலம் பால் வண்டி வரும்போது எந்திரிக்கணும். முதல் ஆறு மாசம் தராசுப் பக்கமே விடலையாம், பொட்டலம் மட்டும்தான். பழைய பேப்பரைக் கூம்பாச் சுத்தி, சாமானைக் கொட்டி, வாயை மடக்கி, மேல தொங்குற நூல்கண்டுல இருந்து நூலை இழுத்து நாலு சுத்து. விரல்ல ஒரு சுண்டு, நூல் அறுந்துரும். கத்திரிக்கோல் எல்லாம் கிடையாது. அந்த நூல் அறுத்த தழும்பு அப்பாவோட ஆட்காட்டி விரல்ல இன்னைக்கும் இருக்கு.

ஊர்ல அம்மன் கோயில் கொடைக்கு வரி எழுதுற நோட்டைப் பாத்தா பாதிப் பேருக்கு மெட்ராஸ் விலாசம். அவங்க முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினாத்தான் கொடையே களை கட்டும். அதனால எங்க பிள்ளைகளுக்கு மெட்ராஸ்னா பயம் கிடையாது. உழைச்சா பொழச்சுக்கிடலாம்ங்கிற ஊர்.

ஆனா அம்மா ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிப் பாசனம், நெல் வயக்காடு. அங்க மெட்ராஸ்னா கோர்ட்டு! தாத்தா ஒரு வாய்க்கா வழக்குக்காக மஞ்சப் பையில கேஸ் கட்டைத் தூக்கிட்டு ராத்திரி ரயில் ஏறுவாவ, எக்மோர்ல இறங்கி வக்கீலைப் பாத்து, வாய்தான்னு கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்புவாவ. கடல்கூட பாத்ததில்லையாம். 2004 ஜூலையில மதுரையில ஐகோர்ட் கிளை திறந்தப்புறம்தான் அந்த அலைச்சல் எங்க பக்கத்துக்கு நின்னுச்சு. ஒரே மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு மெட்ராஸ் இருக்கு பாருங்க.

சீசன் டிக்கெட்:

அரக்கோணம். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் எங்களுக்குச் சென்ட்ரல். இருபத்திரண்டு வருஷமா தினம் போய்ட்டு வர்றேன். எனக்குச் சென்னைன்னா பேசின் பிரிட்ஜ் சிக்னல். வண்டி அங்க நிக்கும், எல்லாரும் வாட்சைப் பாப்பாங்க, பாதிப் பேர் தண்டவாளத்துல குதிச்சு நடக்க ஆரம்பிப்பாங்க (தப்புதான், யாரும் செய்யாதீங்க). மெரினாவுக்குக் கடைசியா எப்பப் போனேன்னு ஞாபகமில்லை. நீங்க வியாசர்பாடின்னா தினம் உங்க ஸ்டேஷனைத் தாண்டித்தான் போறேன்ம்மா.

காட்டுமன்னார்:

தங்கச்சி, நீங்க எங்க பக்கம்தான் வரப்போறீங்க, அதனால ஒளிக்காம சொல்லிடறேன். இங்க சென்னைன்னா குழாய்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப ரோட்டோரமா, வீராணம் ஏரித் தண்ணியைச் சென்னைக்குக் கொண்டு போறதுக்குப் போட்ட பழைய திட்டத்துக் குழாய்ங்க கெடக்கும். நாங்க குனியாமலே உள்ள நடந்து போவோம். மழை வந்தா ஆட்டை அதுக்குள்ள ஓட்டிடுவோம். அந்தத் திட்டம் நிறைவேறவே இல்லை. அப்புறம் 2004-ல புதுத் திட்டம் வந்து, சேத்தியாத்தோப்புல இருந்து தண்ணி நெஜமாவே போக ஆரம்பிச்சிடுச்சு. சோழர் காலத்து ஏரி. கொள்ளிடத்துக் கீழணையில தேக்கின தண்ணி வடவாறு வழியா வந்து ரொம்பணும். முழு மட்டம் 47.50 அடி. டீக்கடைக்குப் பேப்பர் வந்தா நாங்க முதல்ல தேடறது ஏரி மட்டம், அடுத்தது சென்னைக்கு எத்தனை கன அடின்னு. சம்பா நாத்து காயற நேரத்துல அந்த ரெண்டாவது எண்ணைப் பாத்தா வயிறு எரியும். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா என் கூடப் பொறந்தவ வளசரவாக்கத்துல இருக்கா. 2019 கோடையில சென்னை ஏரிங்க எல்லாம் வத்திப்போனப்ப போன் பண்ணினா. "அண்ணே, உங்க ஏரியில தண்ணி இருக்கா?"ன்னு கேட்டா. இந்தக் கரையில ஓடி வெளையாண்ட பொண்ணு. "உங்க ஏரி"ங்கறா. கோவிச்சுக்கவும் முடியல. "இருக்கும்மா, போய்க்கிட்டுதான் இருக்கு"ன்னு சொன்னேன்.

வியாசைப் பொண்ணு:

காட்டுமன்னார் அண்ணே, ராத்திரி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "நம்ம லாரியில வந்தது எந்த ஊர் தண்ணின்னு ஒரு நாளும் கேட்டதில்லையேடி"ன்னாங்க. நானும் கேட்டதில்லை. மணி அடிச்சா ஓடுவோம், குடம் நிறைஞ்சாச் சரி.

உடன்குடி அண்ணாச்சி, எங்க தெருமுனைக் கடையிலயும் அந்த நூல்கண்டு தொங்கும். சின்ன வயசுல அந்த நுனியைப் பிடிச்சு இழுத்து அடி வாங்கியிருக்கேன். அவங்க எந்த ஊர்னு ஊருக்குப் போனதும் கேக்கணும்.

அண்ணே, சிதம்பரம் வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை ஏரியைப் பாக்கணும். வரலாமா?

காட்டுமன்னார்:

வாங்க. இப்ப வேணாம், தரை தெரியுது. ஐப்பசி பொறக்கட்டும். கரை மேலயே ரோடு போகுது, பஸ்ல வந்தா ஜன்னலோரம் உக்காருங்க. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.