எடையற்ற நிலையில் நிறையை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி:
பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களின் உடல் நிறையை அவ்வப்போது அளந்து குறித்துக்கொள்வார்கள் என்று படித்தேன். எல்லாமே மிதக்கும் இடத்தில் தராசுத் தட்டை எதுவும் அழுத்தப் போவதில்லை. அப்படியிருக்க, ஈர்ப்பே இல்லாத அங்கே இத்தனை கிலோகிராம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? 500 கிலோ பெட்டியையும் ஒரு விரலால் நகர்த்திவிடலாம் என்றால், நிறை என்பதற்கு அங்கே பொருள்தான் என்ன?

பதில் 1:
அங்கே ஈர்ப்பு இல்லை என்பது சரியன்று. நிலையம் சுற்றிவரும் சுமார் 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7 மீ/வி²; தரையில் இது 9.8. நிலையமும் அதிலுள்ளவரும் அவர் காலடியில் வைக்கும் தராசும் ஒரே முடுக்கத்துடன் புவியை நோக்கி விழுந்துகொண்டே இருப்பதால், ஒன்றை மற்றொன்று அழுத்துவதில்லை. தராசு காட்டுவது அந்த அழுத்தும் விசையைத்தான் என்பதால், அது சுழியைக் காட்டுகிறது.

நிறையை அறிய வேறு வழி உண்டு: தெரிந்த விசையைக் கொடுத்து, எவ்வளவு முடுக்கம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை வந்துவிடும். 1973-இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையத்திலேயே இதற்கென ஒரு நாற்காலி இருந்தது. சுருள்வில்லுடன் இணைந்த அந்த நாற்காலியில் ஆளைக் கட்டி அமர்த்தி, முன்னும் பின்னும் அலையவிட்டு, ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். நிறை கூடினால் அலைவு மெதுவாகும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். வில்லின் மாறிலி (அதை ஒரு மீட்டர் நீட்டத் தேவைப்படும் விசை) மீட்டருக்கு 400 நியூட்டன் என்றும், நாற்காலியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றும் கொண்டால், அலைவு நேரம் 3.14 வினாடி. அவர் 3 கிலோ இளைத்துவிட்டால் அது சுமார் 3.09 வினாடியாகும். வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் பல அலைவுகளைச் சேர்த்து அளப்பது நல்லது. உடலையும் விறைப்பாக வைத்திருக்க வேண்டும். கை கால்கள் தனியே ஆடினால் கணக்குக் கெட்டுவிடும்.

பதில் 2:
பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. விரலால் தள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. 10 நியூட்டன் விசையால் தள்ளினால் 500 கிலோ பெட்டி பெறும் முடுக்கம் 0.02 மீ/வி² மட்டுமே. பத்து வினாடி விடாமல் தள்ளினால்தான் வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தை எட்டும். அதை நிறுத்தவும் அதே விசை அதே அளவு நேரம் தேவை. அவசரப்பட்டுக் கையைக் குறுக்கே வைத்து, பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் அது சிக்கினால், எடையற்ற பெட்டிதானே என்று விரல் பிழைத்துவிடாது.

இன்னொன்று, பெட்டியும் உங்களை அதே 10 நியூட்டனால் திருப்பித் தள்ளும். நீங்கள் 80 கிலோ என்றால் உங்கள் முடுக்கம் 0.125 மீ/வி², அதாவது பெட்டியைவிட ஆறு மடங்குக்கு மேல் வேகமாக நீங்கள்தான் பின்னால் போவீர்கள். கால்களைப் பிடிப்பில் மாட்டிக்கொண்டு வேலை செய்வது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. அலைவால் கிடைக்கும் நிறையும், தரையில் தராசு காட்டும் நிறையும் ஒன்றே என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? ஒன்று இயக்க மாற்றத்தை எதிர்க்கும் பண்பு, மற்றது ஈர்ப்புக்கு உட்படும் பண்பு அல்லவா?

பதில் 1:
இரண்டும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்று நியூட்டனின் விதிகள் எதுவும் சொல்லவில்லை. அதைச் சோதித்துத்தான் அறிய முடியும். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறினால், வெற்றிடத்தில் விழும் பொருள்கள் வெவ்வேறு முடுக்கத்தைப் பெறும். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட, இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அது காட்சிக்காகச் செய்தது. துல்லியமான சோதனை என்றால், 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோளில் பிளாட்டினம், டைட்டானியம் உலோகக்கலவைகளாலான உருளைகளை ஒப்பிட்டார்கள். சுமார் 10¹⁵-இல் ஒரு பங்கு அளவுவரை அவற்றின் முடுக்கங்களிடையே வேறுபாடு எதுவும் தென்படவில்லை. நாற்காலி தரும் கிலோகிராமைத் தராசின் கிலோகிராமுடன் தயங்காமல் ஒப்பிடலாம்.