காஸ்டிக், பெராக்சைடு இறக்க எந்த ஹோஸ் வாங்கலாம்?

சாயக்காரன்:
வணக்கம்ங்க, திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை நம்மளது. டேங்கர்ல வர்ற 48% காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்), 50% ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்புறம் அசிட்டிக் ஆசிட், எல்லாத்தையும் பச்சை கலர் பிவிசி சக்ஷன் ஹோஸ்லயே இறக்கிட்டு இருக்கோம், அது இப்ப விறைச்சுப்போயி வளைச்சா வெடிப்பு விடுது. ஓனர் நல்லதா ஒண்ணு வாங்கிரு, எல்லாத்துக்கும் அதையே வெச்சுக்கலாம்ங்கறாரு. 2 இன்ச், பம்ப் பிரஷர் 3 பார்தான். கடைல காட்டுற ரப்பர் ஹோஸுக்கும் கெமிக்கல் ஹோஸுக்கும் விலை ரொம்ப தூரம். எதுங்க வாங்கறது?

மெயின்டனன்ஸ் மணி:
ஒரே ஹோஸ்ங்கறதை முதல்ல விட்ருங்க தம்பி. காஸ்டிக் போன ஹோஸ்ல கொஞ்சம் மிச்சம் நின்னு அதுலயே பெராக்சைடு விட்டீங்கன்னா, காரம் பட்டதும் பெராக்சைடு பொங்கி ஆக்சிஜனும் சூடும் கிளம்பும், ரெண்டு பக்கமும் வால்வு மூடியிருந்தா ஹோஸ் கிழிஞ்சு ஆள் மேலயே அடிக்கும். கழுவிட்டு விடலாம்னு நினைக்காதீங்க, அவசரத்துல யாரும் முழுசா கழுவறதில்ல. மூணுக்கும் தனித்தனி ஹோஸ், மாத்தி மாட்டவே முடியாதபடி முனைல தனித்தனி கப்ளிங் (மாட்டற இணைப்பு).

காஸ்டிக்குக்கு ஈபிடிஎம் ரப்பர் போதும். வைட்டான்ங்கற ரப்பர்தான் விலை ஜாஸ்தி, எல்லாத்தையும் தாங்கும்னு கடைல சொன்னா நம்பாதீங்க, காஸ்டிக்குக்கும் அசிட்டிக்குக்கும் அது ஆகாது. பெராக்சைடு, அசிட்டிக் ரெண்டுக்கும் உள்ள யுஎச்எம்டபிள்யூங்கற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் லைனிங் போட்டதா கேளுங்க.

ஹோஸ் கடை அண்ணாச்சி:
மணி சார் சொன்னது கரெக்ட். ஆனா எல்லாரும் ஹோஸையே பாத்துட்டு கப்ளிங்கை விட்டுடறாங்க. அலுமினிய கேம்லாக் (கைப்பிடியை மடக்கி பூட்டற கப்ளிங்) விலை கம்மி, காஸ்டிக் பட்டா அது கரைஞ்சு ஹைட்ரஜன் கேஸ் வரும். பெராக்சைடுக்கு பித்தளை, இரும்பு கிட்டயே போகக்கூடாது. எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க, அதுவும் பாஸிவேட் பண்ணினது, அதாவது ஆசிட்ல கழுவி மேல பாதுகாப்புப் படலம் உண்டாக்கினது. ஈடிபில (கழிவுநீர் சுத்திகரிக்கற இடத்துல) ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஓட்டுறீங்கன்னா அங்க எஸ்எஸ் அரிச்சுரும், பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) கேம்லாக் போடணும். திருகு கிளிப் வேண்டாம், ஃபெரூல் (உலோக வளையம்) போட்டு கிரிம்ப் பண்ணி, அதாவது மெஷின்ல நசுக்கி இறுக்கி, பிரஷர் டெஸ்ட் பண்ணின ஹோஸா கேளுங்க. பம்புக்கு முன்னாடி உறிஞ்சற பக்கம்னா உள்ள கம்பிச்சுருள் இருக்கணும், இல்லாட்டி ஹோஸ் சப்பிப்போயிரும்.

சாயக்காரன்:
ரொம்ப நன்றிங்கண்ணா. இதே ஈபிடிஎம் ஹோஸை மெஷின் கழுவ ஸ்டீம் லைனுக்கும் போடலாம்ங்களா?

மெயின்டனன்ஸ் மணி:
வேண்டவே வேண்டாம் தம்பி. 7 பார் ஸ்டீம்னா 170 டிகிரி. ஈபிடிஎம்மா இருந்தாலும் ஸ்டீம்னு ஹோஸ் மேலயே அச்சடிச்சிருக்கணும், சாதாரண ஹோஸ் வொர்க்கிங் பிரஷரை விட 4 மடங்குல வெடிக்கற கணக்குல செய்வாங்க, ஸ்டீம் ஹோஸுக்கு 10 மடங்கு.

அப்புறம் அந்த பழைய பச்சை ஹோஸை இன்னைக்கே துண்டு துண்டா வெட்டிருங்க, மூலைல சுத்தி வெச்சா நைட் ஷிஃப்ட்ல யாராச்சும் எடுத்து மாட்டிருவாங்க.