டைட்டானியா மேல் தங்க நானோ துகள் பெரிதாகிவிடுகிறது, ஏன்?

பெங்களூரு லேப் ஒன்றில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிடேஷனுக்கு வினையூக்கியாக 1% தங்கம்/டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு மேல் தங்கம்) தயாரிக்கிறோம். 1 கிராம் பி25 (கடையில் கிடைக்கும் டைட்டானியா தூள்), 100 மி.லி. தண்ணீர், 20 மி.கி. குளோரோ ஆரிக் அமிலம் (டிரைஹைட்ரேட்), பிஎச் 5, 70 டிகிரி. 300 டிகிரியில் கால்சினேஷன் (சூடாக்கிப் பதப்படுத்துதல்) முடிந்ததும் டிஇஎம்-இல் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) துகள்கள் 15 நானோமீட்டருக்கு மேல். ஆக்டிவிட்டி இல்லை. எங்கே கோளாறு?

— பதில் 1
பிஎச்தான். டைட்டானியாவின் பூஜ்ய மின்சுமைப் புள்ளி (பரப்பில் நிகர மின்சுமை இல்லாத பிஎச்) ஏறக்குறைய 6. அதற்குக் கீழே பரப்பு நேர்மின்சுமையோடு நிற்கும். குளோரின் நிறைந்த தங்க அயனியை அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்தக் குளோரைடுதான் சூடாக்கும்போது துகள்களை ஒட்டவைக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு 8–9க்குக் கொண்டுபோங்கள். தங்கத்தில் ஒட்டிய குளோரைடு போய் ஹைட்ராக்சைடு வரும். பிஎச் ஏற ஏறத் தங்கம் முழுதும் படியாது, எவ்வளவு தங்கம் ஏறியது (லோடிங்) என்று ஐசிபி-யில் (தனிம அளவைக் காட்டும் கருவி) பாருங்கள்.

— பதில் 2
கழுவுவதையும் கவனிங்க. நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் பக்கமே போகாதீங்க, அதிலேயே குளோரைடு இருக்கு. 50 டிகிரி டிஅயனைஸ்டு தண்ணீரில் கலக்கி சென்ட்ரிஃப்யூஜ்; மேல்நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்கவே கூடாது, கலங்கினா குளோரைடு இன்னும் இருக்கு. சீக்கிரம் போகட்டும்னு அமோனியா ஊத்திடாதீங்க! காய்ந்தால் வெடிக்கும் தங்கச் சேர்மம் உருவாகலாம்.

— கேட்டவர்
நன்றிங்க. சிலிக்காவிலும் இதே முறை எடுபடுமா?

— பதில் 1
எடுபடாது. சிலிக்காவின் பூஜ்ய மின்சுமைப் புள்ளி 2 பக்கம். பிஎச் 8-இல் எதிர்மின்சுமை, தங்க அயனியைத் தள்ளிவிடும். இன்னொன்று: காய்ந்த சாம்பிளை வெளிச்சம் படாமல் வையுங்கள், பட்டால் கால்சினேஷனுக்கு முன்பே தங்க அயனி ஒடுக்கமடைந்து உலோகமாகிவிடும்.